ஒரே மடிக்கணினியில் விண்டோஸும் உபுண்டுவும்: கோத்தகிரி இலை அலுவலகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோத்தகிரிக்கு அருகே சிறு விவசாயிகளிடமிருந்து பச்சைத் தேயிலை வாங்கித் தொழிற்சாலைக்கு அனுப்பும் சிறிய அலுவலகம் ஒன்று உள்ளது. அதன் கணக்கு முழுவதும் ஒரே மடிக்கணினியில் இருந்தது. வரவு செலவு டாலி என்ற கணக்கு மென்பொருளிலும், எடைச் சீட்டு எக்செல் தாளிலும் போடப்பட்டன. கணக்கு பார்ப்பவரின் மகள் ஊட்டியில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். அந்தப் பருவத்தில் அவருக்கு, விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் செய்முறை வகுப்பு இருந்தது. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் கணினி இது ஒன்றுதான். அப்பாவுக்கு விண்டோஸை விட முடியாது, ஏனென்றால் டாலி விண்டோஸில்தான் ஓடும். மகளுக்கு லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு வேண்டும்.

மடிக்கணினியில் இருந்தவை: இன்டெல் பத்தாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 ஹோம். பேட்டரி தேய்ந்துபோய், மின்சாரம் இல்லாமல் 45 நிமிடம் தாங்கும் நிலையில் இருந்தது. ஐப்பசி மழைக்காலம் என்பதால் சாலையில் ஒரு மரம் விழுந்தாலும் கரண்டும் நெட்டும் சேர்ந்து போய்விடும். இந்த இரண்டும் பின்னால் ஒவ்வொரு முடிவிலும் குறுக்கிட்டன.

முதல் முயற்சியில் நடந்தது

மகள் தோழியிடமிருந்து ஒரு பென்டிரைவ் வாங்கி வந்திருந்தார். அதில் 2022-இல் வந்த உபுண்டு 22.04-இன் முதல் வெளியீடு இருந்தது. எஃப்12 அழுத்திப் பென்டிரைவில் பூட் செய்ததும், அதாவது அதிலிருந்து கணினியைத் தொடங்கியதும், ஷிம் எஸ்பேட் (பூட் நிரலின் பாதுகாப்புப் பதிப்பு) சரிபார்ப்பு தோற்றது, பாதுகாப்பு விதிமீறல் என்ற பொருளில் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்து கணினி அணைந்தது. பென்டிரைவ் கெட்டுப்போகவில்லை. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட், பாதுகாப்பு ஓட்டை உள்ள பழைய லினக்ஸ் பூட் நிரல்களை, நம்பகமான பூட் நிரல்களை மட்டுமே ஓடவிடும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்காதபடி தடுத்துவிட்டது. அதற்கு முன் தயாரான பென்டிரைவ்கள் பல இப்படித்தான் நின்றுபோயின.

இணையக் காணொளி ஒன்றைப் பார்த்து, அப்பாவும் மகளும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை நிறுத்தினார்கள். பழைய பென்டிரைவ் இப்போது ஓடியது. ஆனால் நிறுவாமல் வெளியே வந்து விண்டோஸைத் திறந்தபோது, 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்டு நீலத்திரை நின்றது. அவர்களிடம் அப்படி ஒரு குறியீடு இல்லை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. டாலி கணக்கின் கடைசி பேக்கப் நான்கு மாதம் பழையது.

இந்தக் கட்டத்தில்தான் கணினி, இந்த வேலை தெரிந்த ஒருவரிடம் வந்தது.

கண்டறிந்தவை

விண்டோஸ் 11 ஹோமில், வட்டை மறைகுறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் எளிய வடிவமான டிவைஸ் என்கிரிப்ஷன் ஹோமிலும் உண்டு. அதற்குத் தகுதியுள்ள கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும், யாரிடமும் கேட்காமலே அது இயங்கத் தொடங்கிவிடும். குறியீடு அந்தக் கணக்கில் போய்ச் சேமிக்கப்படும். இங்கே அந்தக் கணக்கு யாருடையது என்று கேட்டதற்கு, "அந்த மெயில் ஐடி என்னோடது இல்லைங்க. வாங்கும்போது கடைப் பையனே போட்டுக் கொடுத்தான்" என்றார் கணக்கர். அந்தப் பையன் இப்போது கடையிலும் இல்லை. குறியீடு இருக்கும் இடம் தெரிந்தும் அதை எடுக்க வழியில்லை.

ஆனால் தகவல் எதுவும் அழிந்திருக்கவில்லை. வட்டின் பூட்டைத் திறக்கும் சாவி டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பின் பொறுப்பில் இருக்கிறது. செக்யூர் பூட் இருந்த நிலை மாறியதால்தான் சிப் சாவியைத் தர மறுத்தது. ஆகவே முதல் வேலை குறியீட்டைத் தேடுவது அல்ல, மாற்றியதை அப்படியே திருப்பிப் போடுவது. செக்யூர் பூட்டை மறுபடி இயக்கி, பென்டிரைவைக் கழற்றி, பூட் வரிசையைப் பழையபடி வைத்ததும் விண்டோஸ் எதையும் கேட்காமல் திறந்தது. நீலத்திரையைக் கண்டு பயந்து அந்த இடத்திலேயே வட்டை ஃபார்மட் செய்தவர்கள் உண்டு. நான்கு மாதக் கணக்கு அப்படிப் போயிருக்கும்.

விண்டோஸ் திறந்த உடனே, வேறு எதையும் தொடாமல், நிர்வாகி உரிமையுள்ள கட்டளைச் சாளரத்தில் மேனேஜ்-பிடிஇ கட்டளைக்குப் புரொடெக்டர்ஸ், கெட், சி: என்பவற்றைக் கொடுத்து 48 இலக்கமும் எடுக்கப்பட்டன. கூடவே வரும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளும் காகிதத்தில் எழுதப்பட்டன. நீலத்திரை அந்த ஐடியைக் காட்டித்தான் குறியீட்டைக் கேட்கும். இரண்டு கணினி உள்ள வீட்டில் எந்தக் காகிதம் எதற்கு என்று அதை வைத்துத்தான் தெரியும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில், இரட்டை பூட், அதாவது ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைத்துத் தனித்தனியே தொடங்குவது, தேவையா என்ற கேள்வி. ஷெல் கட்டளை, சி நிரல், பைத்தான் மட்டும் பழக வேண்டுமென்றால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போதும். வட்டைப் பிரிக்கவே வேண்டாம். இதை முதலில் சொல்லாமல் இரட்டை பூட்டுக்குப் போவது தவறு. இந்த மாணவிக்கு வட்டுப் பகுப்பு, பூட் வரிசை, கெர்னல் மாட்யூல் ஆகியவை செய்முறைப் பட்டியலில் இருந்தன. விண்டோஸுக்குள் ஒரு மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினி ஒரு வழிதான். ஆனால் 8 ஜிபி ரேமில் டாலி, எக்செல், பிரவுசரோடு சேர்த்து அதையும் ஓட்டிப் பார்த்தபோது அலுவலக வேலை தடைப்பட்டது. எனவே இரட்டை பூட் என்று முடிவானது.

இரண்டாவது, செக்யூர் பூட்டை நிறுத்துவதில்லை. உபுண்டுவின் பூட் நிரல் மைக்ரோசாஃப்ட் கையொப்பம் பெற்றது, செக்யூர் பூட் இயங்கும்போதே நிறுவலாம். புதிய 24.04 எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) எடுத்தால் எஸ்பேட் தடையும் வராது. அதற்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு, படிப்பு முடியும்வரை அது போதும்.

மூன்றாவது முடிவில்தான் அதிக நேரம் யோசிக்கப்பட்டது. கணினி திறந்ததும் உபுண்டுவோடு வரும் கிரப் என்ற பூட் நிரலின் பட்டியல் வந்து இரண்டில் ஒன்றைக் கேட்பதுதான் வழக்கம். இங்கே அது வேண்டாம் என்று முடிவானது. பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரே முதலில் இருக்கும். மகளுக்கு உபுண்டு வேண்டும்போது எஃப்12 அழுத்தி எடுத்துக்கொள்வார். காலையில் இலை லாரி வந்து நிற்கும்போது, லினக்ஸ் அறியாத ஒருவர் கறுப்புத் திரையைப் பார்த்துத் தடுமாறக் கூடாது என்பது ஒரு காரணம். கிரப் பழுதானாலும் அலுவலகம் நிற்காது. இதைவிட முக்கியமான காரணம் பூட்டு. விண்டோஸை கிரப் வழியாகத் திறந்தால் பூட் பாதை வேறாகிவிடும். என்கிரிப்ஷன் இயங்கும் கணினியில் அதற்கும் 48 இலக்கம் கேட்கும். நேரே பயாஸிலிருந்து திறந்தால் கேட்காது. வேலை முடிந்ததும் என்கிரிப்ஷனை மீண்டும் போடுவது என்று முன்பே முடிவாகியிருந்தது. விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்கள் உள்ள வட்டைப் பூட்டில்லாமல் விட முடியாது.

வேலை நடந்த வரிசை

டாலி கணக்கு இரண்டு பென்டிரைவ்களில் பேக்கப் எடுக்கப்பட்டது. அதில் ஒன்றை வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து, கடைசி நாள் இருப்பு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வேலை. திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி வட்டில் கை வைக்கக் கூடாது.

உபுண்டு கோப்பு ஏறக்குறைய 6 ஜிபி. மலையில் மொபைல் நெட்டில் இறக்கினால் பாதியில் நிற்கும், எனவே மகள் கல்லூரி ஆய்வகத்தில் இறக்கினார். அங்கே பென்டிரைவ் அதை ஏற்கவில்லை. ஃபேட்32 அமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது என்பதே காரணம். எக்ஸ்ஃபேட் ஆக மாற்றி எடுத்து வந்தார். வீட்டில் பவர்ஷெல்லின் கெட்-ஃபைல்ஹேஷ் கட்டளையால், கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் ஷா256 எண்ணை உபுண்டு தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டு, பூட் பென்டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் கொண்டு 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில், ஜிபிடி, யூஇஎஃப்ஐ என்று தேர்ந்து எழுதப்பட்டது.

அடுத்தது கடைப் பையனின் கணக்கு. விண்டோஸ் அமைப்புகளில், உங்கள் தகவல் என்ற பக்கத்தில், அந்தக் கணினிக்கு மட்டுமான உள்ளூர்க் கணக்காக மாற்றும் வழி உண்டு. தினமும் போடும் பின் எண்ணே அதற்குப் போதும். கோப்புகள் அப்படியே இருக்கும். இதில் புதிய கடவுச்சொல் வைக்கப்பட்டது. இது இப்போதே வேண்டியதன் காரணம் சற்றுப் பின்னால் வருகிறது.

டிவைஸ் என்கிரிப்ஷன் நிறுத்தப்பட்டது. வட்டு முழுவதும் பூட்டு நீங்க 50 நிமிடம் ஆனது. நடுவில் ஒருமுறை கரண்ட் போனது. பூட்டு நீக்கும் வேலை அணைந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், ஆகவே கவலையில்லை. வட்டுப் பகுதியைச் சுருக்கும் வேலை அப்படியல்ல. நடுவில் அணைந்தால் கோப்பு அமைப்பே கெடலாம். அதனால் மின்வாரியப் பராமரிப்பு நாள் இல்லாத ஒரு நாளில், பேட்டரி நூறு சதவீதம் ஏறிய பின்பே சுருக்குவது என்று வைத்தார்கள்.

டிஸ்க் மேனேஜ்மென்டில் சி: மீது ஷ்ரிங்க் வால்யூம் கொடுத்ததும், 290 ஜிபி காலியாக இருந்தும் 19 ஜிபிதான் குறைக்கலாம் என்று காட்டியது. பலர் இங்கேதான் வேறு மென்பொருளைத் தேடிப் போகிறார்கள். பகுதியின் கடைசிப் பக்கத்தில் நகர்த்த முடியாத கோப்பு ஒன்று உட்கார்ந்திருப்பதே காரணம். அது எது என்பதை விண்டோஸே சொல்லும்: ஈவன்ட் வியூவரில், அப்ளிகேஷன் பதிவுகளில், 259 என்ற எண்ணுள்ள குறிப்பில் கோப்பின் பெயர் இருக்கும். இங்கே அது, ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ்ஃபைல். அதை நிறுத்தி, சிஸ்டம் புரொடெக்‌ஷனை நிறுத்தி, பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்னேட்டையும் அணைத்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தபின் 180 ஜிபி வரை குறைக்கலாம் என்று காட்டியது. 102400 எம்பி, அதாவது 100 ஜிபி, குறைக்கப்பட்டது. பிறகு பேஜ்ஃபைலும் சிஸ்டம் புரொடெக்‌ஷனும் பழையபடி இயக்கப்பட்டன. ஹைபர்னேட்டை மட்டும் அணைத்தபடியே விட்டார்கள். அதனோடு, விண்டோஸை வேகமாகத் திறக்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் நின்றுவிடும். அது இயங்கினால் ஷட்டவுன் செய்த பிறகும் விண்டோஸ் தன் வட்டைப் பாதி திறந்த நிலையில் விட்டுவைக்கும். லினக்ஸிலிருந்து அந்த வட்டில் எழுதினால் கோப்புகள் கெடும்.

இனி உபுண்டு பென்டிரைவில் பூட் செய்தபோது, ஆர்எஸ்டி (இன்டெலின் வட்டு மேலாண்மை முறை) இயங்குகிறது, அதை நிறுத்தினால்தான் மேலே போக முடியும் என்று நிறுவியே சொன்னது. பத்தாம் தலைமுறைக் காலத்து மடிக்கணினிகள் பல, வட்டு ஒன்றே இருந்தாலும், பல வட்டுகளைச் சேர்த்து இயக்குவதற்கான ரெய்டு என்ற ஆர்எஸ்டி அமைப்பில் வந்தன. அதில் லினக்ஸ் நிறுவிக்கு வட்டு கண்ணில் படாது. பயாஸில் நேரடியாக ஏஹெச்சிஐ என்ற வழக்கமான வட்டு அமைப்புக்கு மாற்றினால் உபுண்டு வட்டைப் பார்க்கும், ஆனால் விண்டோஸ் திறக்காது, ஏனென்றால் தொடக்கத்தில் அது பழைய டிரைவரையே தேடும். சரியான வழி இது: விண்டோஸின் அமைப்புக் கருவியான எம்எஸ்கான்ஃபிக்கில் பூட் பக்கத்தில் சேஃப் பூட், மினிமல் என்று குறித்து ரீஸ்டார்ட், எஃப்2 அழுத்தி பயாஸில் ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாற்றிச் சேமிப்பது, விண்டோஸ் சேஃப் மோடில் திறந்து புதிய டிரைவரை ஏற்றிக்கொள்ளும், எம்எஸ்கான்ஃபிக்கில் அந்தக் குறியை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம், இங்கேயும் செய்யவில்லை. கடவுச்சொல் வேண்டும். கடைப் பையனின் கணக்கு அப்படியே இருந்திருந்தால் இந்த இடத்தில் வேலை நின்றிருக்கும். உள்ளூர்க் கடவுச்சொல் இருந்ததால் கடந்தார்கள்.

நிறுவலில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. தானாகப் பிரிக்கும் வழியை விட்டு, கைமுறை வழியில் அந்த 100 ஜிபி வெற்றிடத்தில் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பில், உபுண்டு முழுவதும் இருக்கும் ஒரே ரூட் பகுதி போடப்பட்டது. ரேமுக்குத் துணையான ஸ்வாப்பைக் கோப்பாக உபுண்டுவே உண்டாக்கிக்கொள்ளும். ஏற்கெனவே இருக்கும் 260 எம்பி இஎஃப்ஐ பகுதியையே பயன்படுத்த வேண்டும். அதை ஃபார்மட் செய்யக் கூடாது, விண்டோஸின் பூட் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன. உபுண்டு அதில் எடுத்துக்கொள்ளும் இடம் 10 எம்பிக்கும் குறைவு. முடிந்ததும் உபுண்டு தன்னைப் பூட் வரிசையில் முதலில் வைத்துக்கொண்டது. பயாஸில் அதை இரண்டாவது இடத்துக்குத் தள்ளினார்கள்.

கடைசியாக, கணக்கரின் சொந்த மெயிலில் மைக்ரோசாஃப்ட் கணக்கு திறந்து அதில் விண்டோஸ் சேர்க்கப்பட்டது. டிவைஸ் என்கிரிப்ஷன் மறுபடி இயக்கப்பட்டது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் குறியீடு புதிதாக உண்டாகும். ஆகவே பழைய காகிதம் கிழிக்கப்பட்டு, புதிய 48 இலக்கம் இரண்டு பிரதி எடுத்து, ஒன்று அலுவலக இரும்புப் பெட்டியிலும் ஒன்று வீட்டிலும் வைக்கப்பட்டன.

மூன்று வாரம் கழித்து

ஒரு ஞாயிறு இரவு மகள் உபுண்டுவில் வேலை செய்தார், நெட் இருந்தது. விடியற்காலை மழையில் நெட் போனது. திங்கள் காலை அப்பா விண்டோஸைத் திறந்து எடைச் சீட்டு போடத் தொடங்கினார். காலை 11:40-க்குப் போட்ட சீட்டில் 6:10 என்று விழுந்தது. கூட்ட நேரத்தில் யாரும் பார்க்கவில்லை. செவ்வாய் மாலை ஒரு விவசாயி சீட்டைத் திருப்பிக் கொண்டுவந்த பிறகே தெரிந்தது. அதற்குள் 61 சீட்டுகள் போயிருந்தன.

காரணம் இது. கணினியின் உள்கடிகாரத்தில் இருப்பது இந்திய நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. நெட் வழியே நேரம் சரியானதும் லினக்ஸ் 11 நிமிடத்துக்கு ஒருமுறை உள்கடிகாரத்தில் பொது நேரத்தை எழுதுகிறது. அடுத்துத் திறக்கும் விண்டோஸ் அதையே இந்திய நேரமாகப் படிக்கிறது. ஐந்தரை மணி நேரம் பின்தங்கும். முதல் மூன்று வாரமும் இது நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நெட் இருந்ததால் விண்டோஸ் சிறிது நேரத்தில் தன்னைத் திருத்திக்கொண்டது.

விளைவு கடிகாரத்தோடு நிற்கவில்லை. எக்செல் தாள் பகல் 1:30-க்கு முந்தைய சீட்டை முதல் ட்ரிப்பிலும் பிந்தையதை இரண்டாம் ட்ரிப்பிலும் சேர்க்கும். மாலை 4:20 சீட்டு 10:50 ஆனதால் இரண்டாம் ட்ரிப் முழுவதும் முதலாவதில் போய் விழுந்தது. திங்கள் காலை வெயில், மாலை மழை. தொழிற்சாலை ஈரக் கழிவாகக் காலை இலைக்கு 4 சதவீதமும் மாலை இலைக்கு 10 சதவீதமும் பிடித்தது. மாலை இலை 900 கிலோவுக்கும் சீட்டில் 4 சதவீதமே பிடிக்கப்பட்டிருந்தது. வித்தியாசம் 54 கிலோ. செவ்வாய் இரண்டு ட்ரிப்புக்கும் ஒரே கழிவு, ஆகவே அன்று நட்டமில்லை. நேரப் பத்தியில் ஐந்தரை மணி கூட்டித் தாள் திருத்தப்பட்டது. ஆனால் விவசாயி கையில் கொடுத்த சீட்டை மாற்றுவதில்லை என்று அலுவலகம் முடிவெடுத்து, 54 கிலோவையும் தானே ஏற்றது. அது சரியான முடிவு.

திருத்தத்துக்கு இரண்டு வழி இருந்தது. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ரியல்டைம்இஸ்யூனிவர்சல் என்ற மதிப்பைச் சேர்த்து அதையும் பொது நேரத்துக்கு மாற்றலாம். அல்லது உபுண்டுவில் டைம்டேட்சிடிஎல் கட்டளைக்கு செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று கொடுத்து லினக்ஸை இந்திய நேரத்துக்கு மாற்றலாம். பொதுவாக முதல் வழியைத்தான் பரிந்துரைப்பார்கள். இரண்டாவதைச் செய்தால் லினக்ஸ் ஓர் எச்சரிக்கை காட்டும். அந்த எச்சரிக்கை பெரும்பாலும் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் நாடுகளுக்கானது, இந்தியாவில் அந்த வழக்கம் இல்லை. அலுவலக விண்டோஸைத் தொடாமல் விடுவதே இங்கே மேல் என்பதால் இரண்டாம் வழி எடுக்கப்பட்டது. மோடத்தை அணைத்துவைத்து, இரண்டையும் மாறிமாறி மூன்று முறை திறந்து சோதித்தார்கள். நேரம் நகரவில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

நிறுவி முடித்த அன்றே, நெட்டைத் துண்டித்து நேரத்தைச் சோதித்திருக்க வேண்டும். நெட் இருந்தபோது மட்டும் பார்த்தது இந்த வேலையின் ஒரே உண்மையான தவறு. அது வேலை செய்தவரின் தவறு, பயன்படுத்தியவர்களுடையது அல்ல.

வட்டைச் சுருக்கும் முன் கணினியின் அடிப்பகுதியைத் திறந்து பார்த்திருக்கலாம். பின்னால் மின்விசிறியைச் சுத்தம் செய்யத் திறந்தபோது 2.5 அங்குல வட்டுக்கான இடம் காலியாக இருப்பது தெரிந்தது. அங்கே ஒரு 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போட்டு உபுண்டுவைத் தனியே வைத்திருந்தால், சி: பகுதியைச் சுருக்கும் வேலையே இருந்திருக்காது. ஆனால் இந்த மாதிரிகளில் இணைப்புக் கேபிளும் தாங்கியும் பல சமயம் உடன் வருவதில்லை. அவை கிடைக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எடைச் சீட்டின் தாளிலும் ஒரு மாற்றம் செய்யப்பட்டது. முந்தைய சீட்டின் நேரத்தைவிடப் புதிய சீட்டின் நேரம் பின்னால் போனால், அல்லது காலை 7 மணிக்கு முன் சீட்டு விழுந்தால், கட்டம் சிவப்பாகும். ஜனவரியில் ஒரு நாள் அது சிவப்பானது. மகள் உபுண்டுவை மறுபடி நிறுவிப் பழகியதில் உள்கடிகார அமைப்பு பழைய நிலைக்குப் போயிருந்தது. முதல் சீட்டிலேயே தெரிந்ததால் அன்று மறுசீட்டு ஒன்று மட்டும் போட வேண்டியிருந்தது.